எண்ணெய்க் கணக்கோடு தண்ணீர்க் கணக்கையும் அச்சிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மும்பைக்கு மேற்கே கடலில் இருக்கும் பாம்பே ஹை எண்ணெய் வயலைப் பற்றி உங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தில் வந்த செய்தியைப் படித்தேன். வயல் வற்றிக்கொண்டிருக்கிறது, இனிப் புது இடங்களில் கிணறு தோண்டுவதைத் தவிர நாட்டுக்கு வேறு வழியில்லை என்ற தொனியில் எழுதியிருந்தீர்கள். உற்பத்தி சரிந்திருப்பது உண்மை. 1980-களின் நடுவில் நாளொன்றுக்கு 4.7 லட்சம் பீப்பாய் வரை கொடுத்த வயல், இன்று அதில் மூன்றில் ஒரு பங்குகூடக் கொடுப்பதில்லை. அதை வைத்து வயல் வற்றிவிட்டது என்று எழுதுவதுதான் சரியில்லை. அங்கே இருந்த எண்ணெயில் பாதிக்கு மேல் இன்னும் அதே பாறைக்குள்தான் கிடக்கிறது.

என்னைப் பற்றி இரண்டு வரி. மயிலாடுதுறைக்காரன், வேதியியல் படித்தவன். எண்ணெய்க் கம்பெனிகளுக்கு வேலை செய்து கொடுக்கும் ஒப்பந்த நிறுவனங்களில், கடல் மேடைகளிலும் பாலைவனத்திலுமாக உழைத்து ஓய்வு பெற்றவன். கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்கள் என்னைப் 'பெட்ரோல் எடுக்கிறவர்' என்று அறிமுகம் செய்துவைப்பார்கள். நான் எடுத்ததெல்லாம் தண்ணீர் மாதிரிதான். பூமிக்குள் செலுத்தப் போகிற தண்ணீர் அதற்குத் தகுதியாக இருக்கிறதா என்று சோதித்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிற ஆள். அதனால் எண்ணெய்ச் செய்தி எதைப் படித்தாலும் தண்ணீரைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறார்கள் என்றுதான் என் கண் தேடும். உங்கள் செய்தியில் அந்தச் சொல் ஒருமுறைகூட வரவில்லை.

கிணறு வெட்டியதும் எண்ணெய் தானாகப் பீறிட்டு வருவதைப் படங்களில் பார்த்திருப்போம். அந்த வேகத்தைக் கொடுப்பது பாறைக்குள் அடைபட்டிருக்கும் அழுத்தம். பாம்பே ஹையில் கடலடிக்குக் கீழே ஒரு கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்தில் சுண்ணாம்புப் பாறை அடுக்கடுக்காக இருக்கிறது. எண்ணெய் இருப்பது அதன் நுண்துளைகளில். எண்ணெயோடு வாயுவும் கரைந்திருக்கும். எடுக்க எடுக்க அழுத்தம் இறங்கும். ஓர் அளவுக்குக் கீழே போய்விட்டால் கரைந்திருந்த வாயு பிரிந்து, எண்ணெயை முந்திக்கொண்டு கிணற்றுக்கு ஓடிவிடும். வாயு போன எண்ணெய் தடித்துப்போய், தள்ளிவிட ஆளில்லாமல் பாறையிலேயே தங்கிவிடும். இயற்கை அழுத்தத்தை மட்டும் நம்பினால், பல வயல்களில் நூற்றுக்குப் பத்து, இருபது பங்கு எடுப்பதே பெரிய காரியம்.

ஆகவே எடுத்த அளவுக்கு ஈடாக எதையாவது உள்ளே செலுத்த வேண்டும். பெரும்பாலும் அது தண்ணீர். சில கிணறுகளில் எண்ணெய் எடுப்பார்கள், பக்கத்துக் கிணறுகளில் தண்ணீரை இறக்குவார்கள். தண்ணீர் அழுத்தத்தையும் தாங்கும், எண்ணெயையும் கிணற்றுப் பக்கம் ஒதுக்கித் தள்ளும். பாம்பே ஹையில் சாகர் சாம்ராட் என்ற துளையிடும் கடல் மேடை எண்ணெயைக் கண்டது 1974 பிப்ரவரியில். உற்பத்தி தொடங்கியது 1976 மே மாதம். கடல்நீரைச் செலுத்தத் தொடங்கியது 1984-ல்தான். சாகர் சாம்ராட்டின் பெயர் பள்ளிப் பாடம் வரைக்கும் போனது. தண்ணீர் செலுத்தும் மேடைகளின் பெயரைக் கேட்டால் யாருக்கும் தெரியாது.

இந்த முறையை யாரும் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை என்பது எனக்குப் பிடித்த செய்தி. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1860-களில் மேல்மட்டத்துத் தண்ணீர் தற்செயலாக எண்ணெய் அடுக்கில் இறங்கியது. சில கிணறுகள் கெட்டன. பக்கத்துக் கிணறுகளிலோ உற்பத்தி கூடியது. ஜான் கார்ல் என்ற நிலவியலாளர் 1880-ல் இதைக் கவனித்து எழுதினார். சட்டமோ தண்ணீரை உள்ளே விடாதே என்றது. பிராட்ஃபர்டு வயலில் இருந்தவர்கள் கேட்டார்களா என்ன, யாருக்கும் தெரியாமல் விட்டார்கள். 1921-ல் சட்டமே இறங்கி வந்தது.

தண்ணீரால் ஒரு வயல் எவ்வளவு தூரம் மாறும் என்பதற்கு நார்வேயின் எக்கோஃபிஸ்க்கைத்தான் சொல்வேன். வடகடலில் 1969-ல் கண்டுபிடித்து 1971-ல் உற்பத்தி தொடங்கிய வயல். அங்கே இருப்பது சாக்பீஸ் மாதிரி மிருதுவான சுண்ணாம்புப் பாறை. எண்ணெயை எடுக்க எடுக்கப் பாறை நசுங்கி, மேலே கடலடியே உட்கார்ந்துவிட்டது. 1984-ல்தான் அதைக் கவனித்தார்கள். அதற்குள் ஏறக்குறைய மூன்று மீட்டர் இறங்கியிருந்தது. 1987-ல் மேடைகளின் கால்களை வெட்டி, நீரழுத்த ஜாக்கி வைத்து ஆறு மீட்டர் உயர்த்தினார்கள். அதே ஆண்டு பெரிய அளவில் தண்ணீர் செலுத்தத் தொடங்கினார்கள். முதலில் அந்த வயலிலிருந்து நூற்றுக்குப் பதினேழு பங்குதான் எடுக்க முடியும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். இப்போது ஐம்பதுக்கு மேல் என்கிறார்கள். புதிதாக எந்த வயலையும் கண்டுபிடிக்காமல் அதே வயலில் மூன்று மடங்கு. நம் ஊரில் இப்படி ஒன்று நடந்தால் முதல் பக்கத்தில் போடுவீர்களா? எனக்குச் சந்தேகம்தான்.

தண்ணீரை உள்ளே விடுவதில் என்ன பெரிய வேலை இருக்கிறது, ஒரு மோட்டார் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. கடல்நீரை அப்படியே விட்டால் வயலைக் கெடுத்துவிடும். முதலில் குளோரின் போட்டுச் சிப்பியும் பாசியும் குழாயில் குடியேறாமல் பார்க்க வேண்டும். அப்புறம் வடிகட்டல். பாறைத் துளைகள் மைக்ரான் கணக்கில், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில் இருப்பவை. இரண்டு, மூன்று மைக்ரான் தூசியே நாளடைவில் கிணற்றின் வாயை அடைத்துவிடும். நாங்கள் ஒரு சிறிய வெள்ளை வடிதாள் வில்லை வழியாகத் தண்ணீரை விட்டு, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று கடிகாரத்தை வைத்துக் குறிப்போம். வில்லை வெள்ளையாகவே இருந்தால் நிம்மதி. காவி நிறம் வந்தால் எங்கோ குழாய் துருப்பிடிக்கிறது. கறுப்பு வந்தால் அன்று தூக்கம் கிடையாது.

துரு என்றதும் ஆக்சிஜன் வரும். கடல்நீரில் பத்து லட்சத்தில் ஆறேழு பங்கு ஆக்சிஜன் கரைந்திருக்கும். அதை நூறு கோடியில் இருபது, முப்பது பங்கு என்ற அளவுக்கு இறக்கியாக வேண்டும். உயரமான கோபுரத்தில் வெற்றிடம் உண்டாக்கிப் பெரும்பகுதியை உறிஞ்சுவோம். மிச்சத்தை பைசல்ஃபைட் என்ற உப்பு தின்றுவிடும். ஆக்சிஜனை எடுத்துவிட்டால் இன்னொரு தலைவலி, அது இல்லாத இடத்தில்தான் செழிக்கிற பாக்டீரியா. கடல்நீரில் இருக்கும் சல்ஃபேட்டைத் தின்று ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை விடுகிற இனம். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, ஆளையே கொன்றுவிடும். வயல் முழுக்க அது பரவிவிட்டால் பிறகு திருப்புவது மிகக் கடினம். அதற்காகக் குளூட்டரால்டிஹைடு போன்ற கிருமிநாசினியை முறை வைத்து விடுவோம். ஆஸ்பத்திரிகளில் கருவிகளைச் சுத்தம் செய்யப் பயன்படுத்துகிறார்களே, அதே சரக்குதான்.

இந்தப் பாக்டீரியா இருக்கிறதா என்று பார்க்கச் சிறு கண்ணாடிக் குப்பிகள் வைத்திருப்போம். உள்ளே சத்துநீரும் ஓர் இரும்பு ஆணியும் இருக்கும். மாதிரித் தண்ணீரை ஊசியால் ஏற்றிச் சூடான பெட்டியில் வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். பாக்டீரியா இருந்தால் குப்பி கறுத்துவிடும். கறுக்க ஒரு நாளும் ஆகலாம், நான்கு வாரமும் ஆகலாம். மேடையில் மற்ற எல்லா அளவுமானிகளும் அந்த நொடியைச் சொல்லும். எங்கள் குப்பி மட்டும் போன மாதத்துச் செய்தியைச் சொல்லும். இதனாலேயே எங்களுக்கும் உற்பத்திக்காரர்களுக்கும் எப்போதும் உரசல். தண்ணீர் சரியில்லை, இன்று உள்ளே விடாதீர்கள் என்போம். விடாவிட்டால் இந்த மாத இலக்கு என்னாவது சார் என்பார்கள். எந்த இடம், எந்தக் கம்பெனி என்பதெல்லாம் வேண்டாம். தண்ணீர் செலுத்துகிற வயல் எதில் வேலை பார்த்தவரைக் கேட்டாலும் இதையே சொல்வார். கெட்ட தண்ணீரின் பலன் அன்றைக்குத் தெரியாது. ஓராண்டு கழித்து அந்தக் கிணறு தண்ணீரைக் குடிக்க மறுக்கும். மறுக்கிற கிணற்றுக்குப் பம்பின் அழுத்தத்தைக் கூட்டுவார்கள். அழுத்தம் எல்லை மீறினால் பாறை விரியும். விரிசல் வழியே தண்ணீர் நேராக எண்ணெய்க் கிணற்றுக்குக் குறுக்கு வழி பிடித்துவிடும். பிறகு நாள் முழுக்கத் தண்ணீரை உள்ளே விட்டு அதே தண்ணீரை மேலே எடுக்கிற வேலைதான். எண்ணெய் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்க்கும்.

எல்லாம் ஒழுங்காகச் செய்தாலும் வெறும் தண்ணீரால் ஓரளவுதான் முடியும். எண்ணெய் தடித்தது, தண்ணீர் இளகியது. இளகியது தடித்ததைத் தள்ளும்போது ஒரே சீராகத் தள்ளாது. விரல் விரலாக நீண்டு, எளிதான பாதையைப் பிடித்து ஓடிவிடும். ராஜஸ்தானின் பார்மேர் மாவட்டத்தில் இருக்கும் மங்களா வயலில் இதற்கு என்ன செய்தார்கள் என்று பாருங்கள். கெய்ர்ன் நிறுவனம் 2004-ல் கண்டுபிடித்து 2009-ல் உற்பத்தி தொடங்கிய வயல். அந்த எண்ணெய் மெழுகு நிறைந்தது. பாறைக்குள் வெந்நீர் சூட்டில் இருக்கும்வரை ஓடும், மேலே வந்து ஆறினால் உறைந்துவிடும். அதனால்தான் குஜராத் கடற்கரை வரை 600 கிலோமீட்டருக்கு மேல் குழாயைச் சூடாக்கிக்கொண்டே கொண்டுபோகிறார்கள். உள்ளே விடும் தண்ணீரையும் சூடாக்கித்தான் விடுகிறார்கள், இல்லையென்றால் பாறைக்குள்ளேயே மெழுகு படிந்துவிடும். பாறைக்குள்ளும் அந்த எண்ணெய் தண்ணீரைவிடப் பத்து மடங்குக்கு மேல் தடித்தது. சிறிய பரப்பில் சோதித்துப் பார்த்துவிட்டு, 2014-15 வாக்கில் வயல் முழுவதற்கும் பாலிமர் கலந்த தண்ணீரைச் செலுத்தத் தொடங்கினார்கள். பாலிமர் என்றால் பாலிஅக்ரிலமைடு வகை. நீளமான சங்கிலி மூலக்கூறு. கொஞ்சம் கலந்தாலே தண்ணீர் கொழகொழவென்று ஆகி, எண்ணெயைச் சீராகத் தள்ளும்.

இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. அந்தச் சங்கிலி மிக மென்மையானது. வேகமான பம்பிலோ குறுகலான வால்விலோ அடிபட்டால் அறுந்துவிடும். ஆக்சிஜனும் இரும்பும் சேர்ந்தாலும் அறுந்துவிடும். அறுந்தபின் அது வெறும் தண்ணீர்தான், விலை மட்டும் பாலிமர் விலை. சீனாவின் தாச்சிங் வயலில் 1990-களின் நடுவிலிருந்து உலகத்திலேயே பெரிய அளவில் பாலிமர் விடுகிறார்கள். அவர்கள் வயலோரத்திலேயே பாலிமர் ஆலை கட்டியதெல்லாம் இந்தக் கணக்கைப் பார்த்துத்தான்.

சரி, சீராகத் தள்ளியாயிற்று. அப்போதும் துளைக்குத் துளை சின்னச் சின்ன எண்ணெய்த் துளிகள் மாட்டிக்கொண்டு நிற்கும். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொண்டு எத்தனை குடம் தண்ணீர் ஊற்றினாலும் தலையில் பிசுக்குப் போகாது, சீயக்காய் வேண்டும். பாறைக்கும் அதே கதைதான். எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் நடுவில் இருக்கும் இழுவிசையை ஆயிரம் மடங்குக்கு மேல் குறைத்தால்தான் துளி அசையும். அதற்காகச் சவர்க்காரத் தன்மை உள்ள பொருளையும் சோடா காரத்தையும் பாலிமரோடு சேர்த்து விடும் முறை இருக்கிறது. மங்களாவில் இதையும் சோதித்திருக்கிறார்கள். செலவு அதிகம், காரத்தால் பம்புகளில் உப்புப் படிவு ஏறும், வெளியே வருகிற எண்ணெயும் தண்ணீரும் பால் போலக் கலந்து பிரிய மறுக்கும். என்னைக் கேட்டால், வெறும் தண்ணீரையே ஒழுங்காகச் செலுத்தாத இடத்தில் இதைப் பற்றிப் பேசுவது வீண்.

கரியமில வாயுவைச் செலுத்தும் முறையும் உண்டு. டெக்சஸில் 1972 முதல் நடக்கிறது. குஜராத்தின் மெஹ்சானா பக்கத்தில் பலோல், சந்தால் வயல்களில் காற்றைச் செலுத்தி நிலத்துக்கடியிலேயே கொஞ்சம் எண்ணெயை எரித்து, அந்தச் சூட்டில் மற்றதை இளக்கி எடுக்கிறார்கள். அதை எழுதப் போனால் இந்தக் கடிதம் போதாது.

இனி எங்கள் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். இதையெல்லாம் நான் பேசினாலே எங்கள் தெருவில் முகம் மாறும். வயல் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் நேராகவே கேட்டார். "ஏண்ணே, பூமிக்குள்ள கெமிக்கல் விடறதுதான் உங்க வேலைன்னா, அதைத்தானே வேண்டாம்னு நெடுவாசல்ல உட்கார்ந்தாங்க?" நியாயமான கேள்வி. அரைகுறையாகப் பதில் சொல்லிவிட்டு நகர முடியாது.

பாறையை உடைக்கும் முறை வேறு, தண்ணீரால் தள்ளும் முறை வேறு. உடைக்கும் முறையில் பாறை தாங்கும் அளவைத் தாண்டி அழுத்தம் கொடுத்து, மணலும் சேர்த்துச் சில மணி நேரத்தில் விரிசல் உண்டாக்குவார்கள். தள்ளும் முறையில் அந்த அளவுக்குக் கீழே நின்று, எடுத்ததற்கு ஈடாக ஆண்டுக்கணக்கில் செலுத்துவார்கள். இதைத்தான் அவரிடம் முதலில் சொன்னேன். ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் பாதி உண்மைதான். மேலே சொன்னேனே, கிணறு குடிக்க மறுக்கும்போது அழுத்தத்தைக் கூட்டுகிற ஆசை எல்லா இடத்திலும் உண்டு. எல்லைக்குக் கீழேதான் நின்றார்கள் என்பதை அழுத்தக் கணக்கைப் பார்த்துத்தான் நம்ப முடியும், வாக்குறுதியைக் கேட்டு நம்ப முடியாது.

நிலநடுக்கம் வருமா என்றும் கேட்டார். கவனமில்லாமல் செலுத்தினால் வரும். அமெரிக்காவில் டென்வர் அருகே ராணுவத்தின் ரசாயனக் கழிவுநீரை 1962 முதல் ஆழ்கிணற்றில் விட்டார்கள், நிலம் அடிக்கடி ஆடியது, 1966-ல் நிறுத்தினார்கள். நிறுத்திய பிறகும், 1967-லும் ஆடியது. கொலராடோவின் ரேஞ்ச்லி எண்ணெய் வயலில் 1969-க்குப் பிறகு ஆராய்ச்சியாளர்கள் வேண்டுமென்றே அழுத்தத்தை ஏற்றியும் இறக்கியும் பார்த்தார்கள். ஏற்றினால் அதிர்வு கூடியது, இறக்கினால் அடங்கியது. ஓக்லஹோமாவில் 2016-ல் 5.8 அளவில் வந்த நடுக்கத்துக்குக் காரணம் எண்ணெயோடு வந்த உப்புநீரை வேறோர் ஆழமான அடுக்கில் கொட்டியது. அந்த அடுக்கிலிருந்து எதையும் எடுக்கவில்லை, சேர்த்துக்கொண்டே போனார்கள். எடுத்த இடத்தையே நிரப்பும்போது அழுத்தம் பழைய அளவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள முடியும். இங்கேயும் கணக்குத்தான் முக்கியம்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் எண்ணெய் எடுத்ததால் நிலம் ஒன்பது மீட்டர் வரை உட்கார்ந்தது. துறைமுகமே கடலுக்குள் போகும் நிலை. 1958 முதல் தண்ணீரைச் செலுத்தித்தான் அதை நிறுத்தினார்கள். எடுத்துவிட்டு நிரப்பாமல் போவது ஆபத்து இல்லாத வழி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எந்தத் தண்ணீரைச் செலுத்துகிறார்கள் என்பது அடுத்த விஷயம். எங்கள் ஊரில் ஆற்றுத் தண்ணீருக்கு ஆண்டுதோறும் கையேந்தி நிற்கிறோம். நல்ல தண்ணீரை எண்ணெய்க்குக் கொடுப்பது பாவம். மங்களாவில் தும்ப்ளி பக்கத்து நிலத்தடி உப்புநீரைத்தான் எடுக்கிறார்கள், பாலைவனத்திலும் குடிநீரில் கை வைக்கவில்லை. எண்ணெயோடு மேலே வருகிற உப்புநீரையே சுத்தம் செய்து திரும்ப உள்ளே அனுப்புவது இன்னும் நல்லது. அதை வாய்க்காலில் விடுகிற சோம்பேறித்தனத்துக்கும் அப்போது இடமிருக்காது. அடுத்து, கிணற்றின் இரும்புக் குழாயும் சுற்றியிருக்கும் சிமெண்டும் ஒழுகாமல் இருக்க வேண்டும். நிலத்தடி நீரைக் காப்பது அந்த இரண்டும்தான். அமெரிக்காவில் எண்ணெய்த் தொழிலுக்காகச் செலுத்தும் கிணறுகள் ஏறக்குறைய 1,80,000 இருக்கின்றன. குடிநீர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது அவற்றின் உறுதியைச் சோதித்துக் காட்ட வேண்டும். கலிஃபோர்னியாவில் எந்தக் கிணற்றில் எந்த மாதம் எவ்வளவு செலுத்தினார்கள் என்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நார்வேயில் ஒவ்வொரு வயலிலிருந்தும் எண்ணெயோடு எவ்வளவு தண்ணீர் வந்தது என்ற எண் வரை அரசுத் தளத்தில் கிடக்கிறது.

டெல்டாவில் புதுக் கிணறு வேண்டாம் என்று 2020-ல் சட்டம் வந்தது. அதை நான் வரவேற்கிறேன், எண்ணெய்த் தொழிலில் சோறு தின்றவன் என்பதற்காக மாற்றிச் சொல்லப் போவதில்லை. பழைய வயல்களில் மிச்சமிருப்பதை ஒழுங்காக எடுத்தாலே, நெல் விளையும் மண்ணைத் தோண்டு என்று வருகிற நெருக்கடி கொஞ்சமாவது தணியும். கொஞ்சம்தான். நூறு கோடி பீப்பாய் இருக்கும் வயலில் ஒரு சதவீதம் கூடுதலாக எடுத்தால் ஒரு கோடி பீப்பாய். நாம் நாளொன்றுக்கு ஐம்பது லட்சம் பீப்பாய்க்கு மேல் செலவழிக்கிறோம். அதாவது இரண்டு நாள் செலவுக்குக்கூட வராது. நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் இறக்குமதி செய்கிற நாடு தண்ணீர் செலுத்தித் தன்னிறைவு அடைந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பத்துச் சதவீதம், இருபது சதவீதம் என்று பல வயல்களில் கூட்டினால் அது சிறிய தொகை இல்லை. அதற்கான மேடை, குழாய், சாலை எல்லாம் ஏற்கெனவே கட்டிக் கிடக்கின்றன.

அரசுக்கு இது தெரியாமல் இல்லை. 2018-ல் மத்திய அரசு இதற்கென்றே ஒரு கொள்கை கொண்டுவந்தது. எல்லா வயல்களையும் இந்த முறைகளுக்கு ஏற்றவையா என்று ஆய்வு செய்ய வேண்டும், கூடுதலாக வரும் எண்ணெய்க்கு வரிச் சலுகை உண்டு என்றார்கள். 2025 ஜனவரியில் பாம்பே ஹையின் உற்பத்தியைக் கூட்டித்தர பிரிட்டனின் பிபி எண்ணெய் நிறுவனத்தை ஓஎன்ஜிசி தேர்ந்தெடுத்தது. பத்தாண்டில் 60 சதவீதம் வரை கூடும் என்று எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. அந்த 60 இன்றைய உற்பத்திக்கு மேல் 60 என்று பலர் புரிந்துகொண்டார்கள். அப்படி இல்லை. புதிதாக எதுவும் செய்யாமல் விட்டால் ஆண்டுக்காண்டு எப்படிச் சரியும் என்று ஒரு கோடு போடுவார்கள், அந்தக் கோட்டுக்கு மேல் 60. கோட்டை எவ்வளவு தாழப் போடுகிறார்களோ அவ்வளவுக்குச் சாதனை பெரிதாகத் தெரியும். அந்தக் கோட்டின் எண்கள் பொதுமக்கள் பார்வைக்கு வர வேண்டும். பணம் நம்முடையது.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். எந்த வயலைப் பற்றி எழுதினாலும், இத்தனை பீப்பாய் வந்தது என்பதோடு, எவ்வளவு தண்ணீர் உள்ளே போனது, எவ்வளவு தண்ணீர் வெளியே வந்தது, மொத்த எண்ணெயில் இதுவரை எத்தனை பங்கு எடுத்திருக்கிறார்கள் என்பதையும் கேட்டுப் போடுங்கள். சொல்ல மறுத்தால், மறுத்தார்கள் என்று போடுங்கள். 2018 கொள்கைப்படி எந்தெந்த வயல்களை ஆய்வு செய்தார்கள், முடிவு என்ன என்பதை, எண்ணெய் வயல்களைக் கண்காணிக்கும் மத்திய அரசு அலுவலகமான ஹைட்ரோகார்பன் தலைமை இயக்குநரகத்திடம் உங்கள் டெல்லி நிருபர் ஒரு நடை போய்க் கேட்கலாம். நானும் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் வாங்கியதும் அனுப்பிவிடுவேன். பதில் வந்தால் நகலை உங்களுக்கு அனுப்புகிறேன், வணிகப் பக்கத்தில் இடம் ஒதுக்கிவையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியலாளர்,
மயிலாடுதுறை